சாமி படத்துக்குப் பின்னால்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூ மாற்றுவதற்காக அம்மா முருகன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். கண்ணாடி, வேல், மயில் எல்லாம் அப்படியே இருந்தன. பின்பலகையைத்தான் காணோம். பலகை இருந்த இடத்தில் ஈர மண் வாசனையோடு பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. விரல் பட்டதும் அது பொடிந்து உதிர, உள்ளேயிருந்து அரிசிக் குருணை போன்ற வெள்ளைப் பூச்சிகள் சிதறி ஓடின. படம் தொங்கிய ஆணியிலிருந்து தரைவரை, பென்சில் பருமனில் ஒரு மண்கோடு சுவரில் இறங்கியிருந்தது. அத்தனை நாளும் அது சாமி மேசையின் மறைவில் இருந்திருக்கிறது.

நாங்கள் இருப்பது லிட்டில் இந்தியாவில், ரோவல் ரோட்டுப் பக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஏழாவது மாடி. "காங்கிரீட்டுக்குள்ள கரையான் எப்படி வரும்?" என்று கேட்டுக்கொண்டே அப்பா கரப்பான் மருந்தை எடுத்துவந்து கோடு நெடுக அடித்தார். நான்கு நாள் ஓர் அசைவும் இல்லை. ஐந்தாம் நாள் சமையலறைத் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியில் புதுக் கோடு ஒன்று கிளம்பியிருந்தது.

கரையான் வந்த வீட்டில் பெரும்பாலும் எல்லாரும் செய்வதைத்தான் அப்பாவும் செய்தார். அது ஏன் பலிப்பதில்லை என்று தெரிந்துகொள்ள, இந்தப் பூச்சி எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும்.

வெள்ளெறும்பு என்று பலர் சொன்னாலும் கரையானுக்கும் எறும்புக்கும் உறவு கிடையாது. எறும்பு குளவி, தேனீ இனத்தது. கரையானோ கரப்பான் வம்சம். காட்டில் மக்கிய கட்டைக்குள் குடும்பமாக வாழும் மரம் தின்னும் கரப்பான்தான் அதற்கு மிக நெருங்கிய பங்காளி. வேலைக்காரக் கரையானுக்குப் பார்வை கிடையாது. தோல் மெல்லியது; வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரமே உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் எங்கே போனாலும் மண்ணையும் எச்சிலையும் கழிவையும் குழைத்து, மூடிய குழாய் ஒன்றைக் கட்டிக்கொண்டே போகிறது. சுவரில் நாம் பார்க்கும் கோடு அதன் வீடு இல்லை. ஈரம் காக்கும் நடைபாதை. அதில் எந்த நேரத்திலும் நடமாடுவது கூட்டத்தின் மிகச் சிறிய பங்குதான். மீதி அத்தனையும், ராஜா ராணி உட்பட, வேறெங்கோ இருக்கின்றன.

சிங்கப்பூர் வீடுகளை அதிகம் பாழாக்குவது கோப்டோடெர்மிஸ் கெஸ்ட்ராய் என்ற இனம். தென்கிழக்காசியாவே அதன் சொந்த ஊர். 1896இல் வாஸ்மன் என்ற அறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். முற்றிய கூட்டம் ஒன்றில் பல லட்சம் பூச்சிகள் இருக்கலாம். அதன் போர்வீரனை ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் மறக்காது: ஆரஞ்சு நிறத்தில் கண்ணீர்த்துளி வடிவத் தலை, அரிவாள் போல வளைந்த இரண்டு தாடை. ஊசிமுனையால் சீண்டினால் நெற்றித் துளையிலிருந்து பால் போன்ற வெள்ளைத் துளி சுரக்கும். அந்தப் பசையில் எறும்பு மாட்டிக்கொள்ளும். வீட்டுக்காரருக்கு இந்த வெள்ளைத் துளி நல்ல அடையாளம். தோட்டத்தில் பெரிய புற்று கட்டும் இனமா, மரச்சாமானைக் குறிவைக்கும் இனமா என்பதை வல்லுநர் பெரும்பாலும் போர்வீரனை வைத்துத்தான் சொல்வார்.

இந்த இனம் ஊர் ஊராகப் பரவியதும் மனிதன் கைங்கரியம்தான். மரத்தோடு கப்பலேறிப் பிரேசிலில் 1923இலும், பார்படோஸில் 1937இலும், அமெரிக்காவின் மயாமியில் 1996இலும் கண்டுபிடிக்கப்பட்டது. படகின் மரத்துக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால் அதற்குப் போதும், தரையே வேண்டாம்.

அப்பாவின் கேள்விக்குப் பதிலும் அதுதான். இது மண்ணில் வாழும் கரையான் என்றாலும், நீர் கிடைத்தால் மண்ணை மறந்துவிடும். மென்ற மரம், மண், கழிவு எல்லாம் சேர்த்து அட்டை போன்ற ஒரு கூட்டைச் சுவர் இடுக்கிலோ குழாய் மாடத்திலோ அமைத்து, கசியும் குழாயை ஆற்றைப் போல நம்பி வாழும். கீழே இருந்து ஏறி வந்ததோ, ஈசலாகப் பறந்துவந்து மாடியில் குடியேறியதோ, நம் வீட்டுக் கசிவு அதற்குச் சாதகம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டிலோ விளக்கு கழுவிய நீர் மாதக்கணக்கில் சாமி மேசைக்குக் கீழே சொட்டியிருக்கிறது. சமையலறைத் தொட்டியின் வளைகுழாயும் கசிந்திருக்கிறது. இரண்டு இடத்தையும் ஒரே சுவர்தான் இணைக்கிறது.

மரத்தை அது ஜீரணிக்கும் விதமும் சொல்லத் தகுந்தது. கரையானுக்கு மரத்தை முழுவதுமாய்ச் செரிக்கத் தெரியாது. அதன் பின்குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இந்த உயிரிகளைக் குட்டிக் கரையான்கள் பெரியவற்றின் குடலிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. உணவும் அப்படித்தான்: வாயோடு வாய், பின்புறத்தோடு வாய். ஒன்று தின்றதை நூறு தின்னும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியமே இதில்தான் இருக்கிறது.

ஈசலை நம்மவர்க்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மழைவிட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றிவிட்டு இறக்கையை உதிர்க்கும். ஊரில் பாட்டி அதை வறுத்துப் பொரியோடு கலந்து தந்ததை இன்னும் சிலர் நாக்கில் வைத்திருப்பார்கள். ஈசலுக்கு ஒருநாள் வாழ்வு என்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு அது சரி. பல்லிக்கும் குருவிக்கும் இரையாகிவிடும். ஆனால் ஜோடி சேர்ந்து ஈர இடுக்கில் நுழைந்த ஆணும் பெண்ணும் பல ஆண்டு வாழும். அவைதான் புதுக்கூட்டத்தின் ராஜாவும் ராணியும். எங்கள் தேக்கா வட்டாரத்தில் மழை ஓய்ந்த இரவு உங்கள் ஜன்னல் விளக்குக்கு ஈசல் வெளியிலிருந்து வந்திருந்தால், ஜன்னலைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதுவே கதவு நிலையிலிருந்தோ தரைப்பலகை இடுக்கிலிருந்தோ கிளம்பினால் பொருள் வேறு. ஒரு கூட்டம் ஈசல் அனுப்பவே சில ஆண்டு வளரவேண்டும். அதாவது உங்களுக்குத் தெரியாமல் அத்தனை ஆண்டாக அது உள்ளே இருக்கிறது.

இறக்கை முளைத்த எறும்பையும் ஈசல் என்று எண்ணி மிரள்பவர்கள் உண்டு. இடுப்பைப் பாருங்கள். எறும்புக்கு இடுப்பு நூல் போல் ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், முன்னிறக்கை நீளமாக இருக்கும். ஈசலுக்கு உடல் ஒரே பருமன், கொம்பு மணி கோத்தது போல நேராக, நான்கு இறக்கையும் ஒரே அளவு.

மரம் கெடுவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. எந்தப் பூச்சி கெடுத்தது என்பதை நம் முன்னோர் கண்ணால் பார்த்தே பிரித்திருக்கிறார்கள். உளுத்துப்போன மரம் என்றால் வண்டு துளைத்தது: குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், மாவு போல உதிரும் தூள். செல்லரித்தது என்றால் கரையான் வேலை. செல் என்பது கரையானுக்குப் பழைய பெயர். சிதம்பரம் கோயில் அறை ஒன்றில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழன் திறந்து பார்த்தபோது புற்று மூடி, செல்லரித்தது போக மீதிதான் கிடைத்தது என்று திருமுறை வரலாறு சொல்கிறது. நாம் இன்று ஓதும் பதிகங்கள் அந்த மீதி.

இவற்றோடு சிங்கப்பூரில் மூன்றாவது ஆசாமி ஒன்றும் உண்டு: உலர்மரக் கரையான். மண்கோடு போடாது, ஈரம் தேடாது, ஒரே நாற்காலிக்குள் குடும்பம் நடத்தும். கசகசா போன்ற, ஆறு பட்டையுள்ள கழிவு மணிகளைச் சிறு துளை வழியே கீழே தள்ளும். பழைய மரச்சாமான் வாங்கினால், காலின் கீழே ஒரு வெள்ளைத் தாளை இரண்டு வாரம் விரித்துவைத்துப் பாருங்கள். மணி உதிர்ந்தால் அந்தச் சாமானை மட்டும் தனியே வைத்து வைத்தியம் செய்தால் போதும். அதற்குத் துளை வழியே மருந்து செலுத்துவதும் சூடேற்றுவதும் உதவும். மண் கரையானுக்கு வைக்கும் மருந்து கலந்த இரை இதற்குப் பயன்படாது.

மண் கரையானைக் கண்டுபிடிக்கத் தட்டிப்பார்ப்பது இன்றும் நல்ல சோதனைதான். திருப்புளியின் கைப்பிடியால் கதவு நிலை, தரையோரப் பலகை, அலமாரியின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தட்டினால், அரித்த இடம் பழைய தகரம் போல வெற்றொலி தரும். கரையான் மரத்தின் மென்மையான பகுதியைத் தின்றுவிட்டு, மேலே சாயத்தோடு தாள் கனத்துக்கு ஒரு தோலை விட்டுவைக்கும். எங்கள் பின்பலகை அப்படித்தான் போயிருந்தது.

இந்த வட்டாரத்தின் கடைவீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கெர்பாவ் ரோட்டில் 1900ஆம் ஆண்டில் எழுந்த டான் டெங் நியா வீடு அந்தப் பாரம்பரியத்துக்கு வண்ணமயமான சாட்சி. கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் நடப்பவர் கண்ணுக்கு ஓடும் வண்ணமும் தெரியும். கட்டடத்தைத் தாங்குவதோ பக்கத்து வீட்டோடு பங்கிட்டுக்கொண்ட செங்கல் சுவரும், அதில் முனை புதைத்து நிற்கும் மர உத்திரங்களும். இங்கே ஒரு காலத்தில் மாடும் எருமையும் தண்ணீர் குடித்த சேற்று நிலம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் அந்த ஈரத்தைக் கீழிருந்து உறிஞ்சும். சுவருக்குள் புதைந்த உத்திர முனைக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. கரையானுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் கடின மரத்தை அது எளிதில் தொடாது. இலகு மரமும் பிளைவுட்டும் வைத்துச் சரிசெய்த இடத்தில்தான் வாய்வைக்கும். சுவர் இருவருக்கும் பொது என்பதால் கரையானும் இருவருக்கும் பொது. ஒரு கடைக்காரர் மட்டும் விரட்டும் மருந்தை அடித்தால், கூட்டம் சுவரின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளாமல் தீராத பிரச்சினை இது.

எங்கள் வீட்டுக்கு வந்த பூச்சிக்கட்டுப்பாட்டுத் தம்பி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அப்பா மருந்தடித்த கதையைக் கேட்டதும் முகம் சுருங்கினாலும் அம்மாவிடம்தான் பேசினார்: "ஆன்ட்டி, இனிமே யாரும் அடிக்காதீங்க. கோட்டையும் உடைக்காதீங்க. இதுங்க உயிரோட இருந்தாத்தான் நமக்கு வேலை நடக்கும்."

முழு வைத்தியமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் மண்ணில் குளோர்டேன் போன்ற கடும் மருந்தை ஊற்றினார்கள். ஆண்டுக்கணக்கில் மண்ணிலும் உடம்பிலும் தங்குவது தெரிந்ததும், 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. இப்போது ஃபிப்ரோனில் போன்றவற்றைச் சுவரோரம் துளையிட்டு மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். இவை விரட்டுவதில்லை; கரையானுக்கு அதன் இருப்பே தெரியாது. நடந்து போகும் பூச்சி உடம்பில் அப்பிக்கொண்டு மற்றவற்றோடு உரசும். தரைவீடுகளுக்கும் கடைவீடுகளுக்கும் இது பொருந்தும். ஏழாவது மாடியில் துளையிட மண் ஏது?

அங்கே இரைதான். தைவானில் பிறந்த நான்-யாவ் சு என்ற பூச்சியியல் அறிஞர், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இதற்கு வழிகாட்டினார். 1995இல் அது சந்தைக்கு வந்தது. மரநார்த் தூளில் ஹெக்ஸாஃப்ளூமுரான் போன்ற ஒரு மருந்தைக் கலந்து, கோட்டின் மேலேயே ஒரு சிறு பெட்டியில் வைப்பார்கள். அது பூச்சியை உடனே கொல்லாது. கரையான் வளர வளரத் தோலுரிக்கும்போது, அடியில் புதுத்தோலை உருவாகவிடாது. தின்றது தெம்பாகத் திரும்பிப்போய் மற்றவற்றுக்கு ஊட்டும். தோலுரிக்கும் நாள் வந்ததும் புதுத்தோல் கிடைக்காமல் மடியும். தோலுரிக்க வேலைக்காரர்கள் கூட்டின் நடுவுக்கே திரும்புகின்றன என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. ராஜா, ராணியின் பக்கத்திலேயே சாவு நடக்கிறது. உடனே கொல்லும் மருந்தாக இருந்திருந்தால், ஊட்டிவிட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அப்பாவுக்குப் பொறுமை போதவில்லை. வாரம் ஒருமுறை பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில் வளைகுழாயை மாற்றினோம். ஆல்பங்களையும் தமிழ் முரசு நறுக்குகளையும் அட்டைப்பெட்டியிலிருந்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, சுவரைவிட்டு நகர்த்தினோம். காகிதமும் அதற்கு மரம்தான். உறையை விட்டு உள்பக்கங்களைத் தின்றுவிடும்.

மூன்றாம் வாரம் தம்பி வந்து மூடியைத் திறந்தபோது, பெட்டி முழுக்க வேலைக்காரக் கரையான்கள். ஏழாம் வாரம் எண்ணிக்கை குறைந்திருந்தது. மிஞ்சியவற்றின் உடம்பு சுண்ணாம்பு தடவியது போலத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நடுவில் ஆரஞ்சுத் தலைப் போர்வீரர்கள் அதிகம். தம்பிக்கு முகம் மலர்ந்தது. "சோறு போடுறதுக்கு ஆளு குறைஞ்சிடுச்சு ஆன்ட்டி, சிப்பாய் மட்டும் நிக்குறான்." போர்வீரனுக்குத் தானாகத் தின்னத் தெரியாது, தாடை அப்படி வளைந்தது. ஊட்ட ஆளில்லாமல் அவையும் சாகும்.

பதினோராம் வாரம் பெட்டியில் உலர்ந்த மண்ணும் தின்னாத இரையும் மட்டும் இருந்தன. மண்கோட்டை ஓர் இடத்தில் உடைத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தோம். அது திரும்பக் கட்டப்படவில்லை.

முருகன் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று. அம்மா அதை ஆணியில் மாட்டாமல், சுவரைவிட்டு இரண்டு விரல் தள்ளி ஒரு சிறு இரும்புத் தாங்கியில் நிறுத்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பூ வைத்ததும், பின்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பார்க்கிறார்.