ஏரி கோடி போகும் நாள்

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் ‘ஏரி கோடி போகுது’ என்று ஒருவர் சொன்னால் போதும், பாதி ஊர் கரைக்குப் போய்விடும். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் ஏற்றுவார்கள், மஞ்சளும் பூவும் தண்ணீரில் விடுவார்கள். கிடாய் வெட்டும் ஊர்களும் உண்டு. ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்குத்தான் கோடி என்று பெயர். கலிங்கு என்று புத்தகங்கள் எழுதும், தெற்கே மறுகால் என்பார்கள். இந்தக் கொண்டாட்டம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். வழிந்து போகும் தண்ணீர் இனி அந்த ஊருக்குச் சொந்தமில்லை. அடுத்த ஊர் ஏரிக்குப் போகிற தண்ணீர் அது. அதற்குத்தான் கற்பூரம் காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனி ஏரிகள் அல்ல, சங்கிலியின் கண்ணிகள். மேல் ஏரியின் கோடித் தண்ணீர் ஓடைவழியே போய்க் கீழ் ஏரியை நிரப்பும், அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குப் போகும். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. நடந்து போகிறவருக்குத் தெரியாத அளவு சரிவு, அவ்வளவுதான். அந்தச் சரிவைக் கண்டுபிடித்துக் கரை போட்டவர்களின் கையில் மட்டம் பார்க்கும் இன்றைய கருவிகள் எதுவும் இருந்ததில்லை.

இந்தச் சங்கிலியில் எல்லாருடைய தலையெழுத்தும் ஒரே ஒரு அளவில் இருக்கிறது: கோடிக் கல்லின் உயரம். நீர்ப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் உள்ள ஏரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கோடியை ஒரே ஒரு அடி உயர்த்தினால் கூடுதலாகத் தேங்குவது ஏறத்தாழ 30 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் அள்ளினால் 30,000 லோடு. ஏறக்குறைய 60 ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத் தண்ணீர். மேல் ஊரில் யாரோ இரவோடு இரவாக மணல் மூட்டை அடுக்கினால் கீழ் ஊரில் அத்தனை ஏக்கர் காயும். அரிவாள் தூக்க இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அதனால்தான் பழைய கோடிகளின் வடிவத்தை நின்று பார்க்க வேண்டும் என்கிறேன். கல் பாவிய தளத்தின் மேல், ஓரிரு முழ இடைவெளி விட்டு, இடுப்பளவுக்கும் குறைவான கருங்கல் கால்கள் வரிசையாக நட்டிருப்பார்கள். முதல் பார்வைக்கு ஏதோ இடிந்த மண்டபத்தின் மிச்சம் போலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கற்களுக்கு நடுவே எதுவும் இருக்காது. வெள்ளம் தாராளமாக வெளியேறும், கரை பிழைக்கும். மழை ஓயும் தறுவாயில் அந்த இடைவெளிகளில் குச்சி, வைக்கோல், களிமண் வைத்து அடைப்பார்கள். ஏரி இன்னும் கொஞ்சம் கொள்ளும். எதிர்பாராமல் ஒரு புயல் வந்தால்? களிமண் கரைந்து அடைப்பு தானே பிய்த்துக்கொண்டு போய்விடும். வீட்டில் மின்சாரம் எகிறினால் ஃபியூஸ் கம்பி தான் எரிந்து டி.வி.யைக் காப்பாற்றுவது போல.

இன்னொரு நன்மையும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடைப்பு திறந்த வெளியில் இருக்கிறது. சைக்கிளில் போகிற கீழ் ஊர்க்காரர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார், எத்தனை இடைவெளி அடைத்திருக்கிறார்கள் என்று. சந்தேகப்பட வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் போதும்.

ஆங்கிலத்தில் எதிராளியை ‘ரைவல்’ என்கிறார்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர் என்று பொருள். நமக்கு அகராதி தேவையில்லை, ‘பங்காளி’ இருக்கிறது. பங்கு உள்ளவரும் அவர்தான், சண்டைக்கு வருபவரும் அவர்தான்.

ஒரே ஏரிக்குள் இருக்கும் பங்காளிகளுக்கு நடுவில் நீர்க்கட்டி என்பவர் இருந்தார். மதகைத் திறப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. கூலி, களத்தில் நெல்லாக. பல ஊர்களில் அவர் நிலமில்லாத குடும்பத்தவர். தனக்கென்று வயல் இல்லாததால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கை. அந்த ஏற்பாட்டின் நியாயம் வயல் உள்ளவர்களுக்கு இடையில் மட்டும்தான் இருந்தது. தண்ணீரைப் பங்கிட்டவருக்குப் பங்கு இல்லை. இதைச் சொல்லாமல் பழம்பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டிலேயே ‘ஏரி வாரியம்’ என்ற குழுவைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் இன்றும் ஒவ்வொரு வியாழக்கிழமை நண்பகலிலும் பேராலய வாசலில் விவசாயிகளின் தண்ணீர் மன்றம் கூடுகிறது. வாய்மொழியாகவே வழக்கு, அங்கேயே தீர்ப்பு. இத்தகைய ஏற்பாடுகள் எப்படி நிலைக்கின்றன என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ராமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. விதியை அதற்கு உட்படுவோரே வகுக்க வேண்டும், மீறினால் கண்ணில் பட வேண்டும் என்பவை அவர் கண்ட அடையாளங்களில் இரண்டு. கோடிக் கல் இரண்டாவதை ஒரு வார்த்தை பேசாமல் செய்துவிடுகிறது.

ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு கதை மாறியது. நிலத்தடி நீரும் ஒரு பொது ஏரிதான். ஆனால் அதற்குக் கோடி இல்லை, எண்ணிப் பார்க்கக் கல் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டினார் என்பது அவர் கிணறு வற்றும்போது அல்ல, நம் கிணறு வற்றும்போதுதான் தெரிகிறது. தென்பெண்ணையிலும் இதே சிக்கல் பெரிய அளவில். கர்நாடகத்தில் பிறந்து சாத்தனூர் அணை வழியாகக் கடலூர்க் கடலுக்குப் போகும் இந்த ஆற்றுக்காக 2018-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தம் இருந்தும்கூட.

‘நீடித்த வளர்ச்சி’ என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது 1987-இல் வந்த புருண்ட்லாண்ட் குழுவின் ஐ.நா. அறிக்கை. வரும் தலைமுறையின் தேவையில் கைவைக்காமல் இன்றைய தேவையை நிறைவு செய்துகொள்வது என்று பொருள். ஏரிக்கரையில் நின்று யோசித்தால் இது சட்டென விளங்குகிறது. நம் பேரப்பிள்ளைகள்தான், காலத்தில் நமக்குக் கீழே இருக்கும் ஏரி. அவர்கள் சைக்கிளில் வந்து நம் அடைப்பை எட்டிப் பார்க்க முடியாது.

2004-இல் கென்யாவின் வங்காரி மாத்தாய்க்கு அமைதி நோபல் கொடுத்தபோது நோபல் குழு சொன்ன காரணங்களில் முதலாவது இந்த நீடித்த வளர்ச்சிதான். 1977 முதல் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து அவர் செய்த வேலை, கோடிக்கணக்கில் மரம் நட்டது. மரம் நடுபவருக்கு எதற்கு அமைதிப் பரிசு என்று கேட்டவர்கள் உண்டு.

திருவண்ணாமலைக்குத் திரும்பி அண்ணாமலை மேல் ஏறினால் பதில் கிடைக்கும். வெட்டாலும் மேய்ச்சலாலும் தீயாலும் மொட்டையாகிப் போயிருந்த மலையில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் மரம் வைத்து வருகிறார்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர், நான்கு லாரித் தண்ணீர். வெறும் பாறையில் அது விழுந்த வேகத்தில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடி ஏரியைத் தூர்த்துவிடும். இலையும் சருகும் வேரும் இருந்தால் ஒரு பகுதி உள்ளே இறங்கி, மழை நின்ற பிறகும் மெல்லக் கசியும். காடு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைச் சரிவு அடிவாரத்து வீட்டின்மேல் சரிந்து ஏழு பேரைக் கொண்டுபோனது.

இருந்தும் வேலை நடக்கிறது. மழை பிடிக்கும் முன் குழி எடுக்கிறார்கள், முதல் ஈரத்தில் நாற்று ஊன்றுகிறார்கள், கோடை வருவதற்குள் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். மலைமேல் ஒரு குழிக்குள் இறங்கும் தண்ணீருக்குக் கீழே எந்த ஊர், யார் வயல் என்று குழி வெட்டுகிறவருக்குத் தெரியாது. சருகை விலக்கி, ஈரமண்ணை நாற்றின் அடியில் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, அடுத்த குழிக்கு நகர்கிறார்.