கீழ் என்பது தாழ்வல்ல!

திசைகள் நான்கும் பெயரோடு பிறந்தவை அல்ல. மண்ணைப் பார்த்தும், காற்றை உணர்ந்தும், மன்னன் முகம் நோக்கியும் மனிதன் சூட்டிய பெயர்களே அவை.

பண்டைச் சீனத்தைப் பாருங்கள். அங்கே மன்னன் தெற்கு நோக்கியே கொலுவிருப்பான். அவன் முதுகுப்புறம் வடக்கு. வடக்கைக் குறிக்கும் சீன எழுத்தே, இருவர் முதுகோடு முதுகு பொருந்தி நிற்கும் உருவம். தோற்றோடுவதைக் குறிக்கும் சொல்லிலும் அதே எழுத்து! காந்த ஊசிக்கு அங்கே 'தெற்குகாட்டும் ஊசி' என்று பெயர். விருந்தளிப்பவனை இன்றும் 'கிழக்காகிறான்' என்கிறார்கள். 'பொருள்' என்ற அன்றாடச் சொல்லோ 'கிழக்கு-மேற்கு'! வடமொழியாளர் உதிக்கும் ஞாயிற்றை நோக்கி நின்றனர். எனவே தட்சிணம் என்பது வலப்புறமும் ஆயிற்று, தெற்கும் ஆயிற்று.

தமிழன் என்ன செய்தான்? அரியணையைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தான். மலை நிற்கும் மேட்டுப்புறம் மேற்கு; நீர் வழிந்தோடும் கீழ்ப்புறம் கிழக்கு. ஐயமிருப்போர் எளாவூருக்கு வரலாம். கிழக்கே நடந்தால் நிலம் தாழ்ந்து தாழ்ந்து பழவேற்காட்டு ஏரியில் முடிகிறது. ஆரணியாறும் காளங்கியும் மேலிருந்து கீழே, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே வந்து அதிலே கலக்கின்றன. ஏரியே இங்கு அகராதி!

மலையாள நாட்டிலோ மலை கிழக்கே, கடல் மேற்கே. அங்கும் மலைப்புறத்துக்குப் பெயர் 'கிழக்கு' தான்! 1856-இல் திராவிட மொழி ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதைக் கண்டார். அச்சொல் மலைக்கு இப்பாலிருந்த மக்களோடு சென்றதே என்று முடிவு கட்டினார். கல்வெட்டு சொல்லாததை ஒரு சொல் சொல்லிவிட்டது.

காற்றுக்கும் நம்மவர் கணக்கு வைத்தனர். மேற்கிலிருந்து அனல் கொண்டு வருவது கோடை. வேனிற் பருவத்துக்கும் அதுவே பெயர். கிழக்கிலிருந்து நீர் கொண்டு வருவது கொண்டல்; மேகத்துக்கும் அதுவே பெயர். வடக்கே வாடை, தெற்கே தென்றல். வலை வீசுவோனுக்கு இவை கவிதையல்ல. அன்றைய அடுப்பு எரியுமா என்பதற்கான விடை.

இப்படிப் பிறந்த திசைகளைப் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்று பஞ்சாங்கத்தில் எழுதி வைத்தார்கள். எளாவூர்ப் பக்கத்து மீனவன் ஏரிக்குக் கிழக்கே போகாமல் வேறெங்கே போவான்? சூலம் பார்த்து அவன் கரையில் குந்தியிருந்தால் சோறு போடுவது பஞ்சாங்கமா?

அதனினும் கொடுமை ஒன்றுண்டு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வைத்த சொற்களை எடுத்து மனிதர் தலையில் சூட்டினார்கள். மேல்சாதியாம், கீழ்சாதியாம்! நிலத்தின் சரிவைக் குறித்த சொல், பிறப்பின் இழிவைக் குறிக்கும் சொல்லாயிற்று. மண்ணில் மேடு பள்ளம் உண்டு; மறுக்கவில்லை. மனிதரில் அதை அளந்த கோல் எது என்று கேட்கிறோம்.

நம் பிள்ளைகளின் பாடநூல்கள் திசைகளின் பெயரை மட்டும் ஒப்பிக்கச் செய்தால் போதாது. அப்பெயர் பிறந்த காரணத்தையும், கரையோர மக்கள் காற்றறிந்த அறிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த பிள்ளை சூலத்துக்கு அஞ்சாது, சாதிக்கும் தலைவணங்காது.

கீழ் என்றால் தாழ்வு என்போர்க்கு ஒரே சொல்: நாள்தோறும் ஞாயிறு எழுவது அந்தக் கீழ்த்திசையில்தான்!