விளையாட்டு சரி, வயசு ஆச்சா?

ஆறாவது படிக்கும் என் மகன், "கூடப் படிக்கிற பசங்க எல்லாரும் ஆடறாங்கம்மா" என்று 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' கேட்டு நச்சரித்தான். முதலில் நானே நாலு நாள் ஆடிப் பார்த்தேன். 2012-ல் வந்த விளையாட்டு. ஊர் கட்டி, மதில் எழுப்பி, படை திரட்ட வேண்டும். ரத்தக்களரி இல்லை; யோசிக்கவும் வைக்கிறது.

ஆனால், காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் நிஜப் பணம் கொடுத்து 'ஜெம்' வாங்கலாம். குழுவில் சேர்ந்தால் முன்பின் தெரியாதவர்களோடு அரட்டையும் அடிக்கலாம். 13 வயது ஆகவேண்டும் என்று வெளியிட்டவர்களே விதி போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டி, "ரெண்டு வருஷம் போகட்டும்டா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பரவாயில்லை, இப்போது அப்பாவோடு செஸ் ஆடுகிறான்.

வயது வந்த பிள்ளைக்குக் கொடுப்பதானால், பணம் கட்டும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் செய்துவிடுங்கள். எந்த விளையாட்டானாலும் நீங்களும் ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்களேன், தோழிகளே!