ஓடும் தசையும் நாவல்பழச் சாயமும்

கடுமையான உடற்பயிற்சியின்போது உடல் செலவிடும் ஆக்சிஜன், ஓய்வு நேரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. அதில் மிகச் சிறு பங்கு, உழைக்கும் தசைக்குள் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு சூப்பர்ஆக்சைடு என்னும் ஃப்ரீ ராடிக்கலாக மாறுகிறது. இதுவும் இதிலிருந்து பிறக்கும் மூலக்கூறுகளும் உயிரணுக்களின் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்க வல்லவை. உடலின் தற்காப்பை மீறி இவை பெருகுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையில் ஃப்ரீ ராடிக்கல் அளவு இரண்டு, மூன்று மடங்கு கூடியிருந்ததை 1982-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தத் தொல்லை செடிகளுக்கும் உண்டு. வெயிலில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போதே இலைக்குள் இதே மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றை அடக்கச் செடி வைத்திருக்கும் கையிருப்புதான் வைட்டமின் சி, கரோட்டினாய்டுகள், பாலிஃபீனால்கள். நாவல்பழம் தின்றபின் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் ஊதா நிறம், ஆந்தோசயனின் என்ற பாலிஃபீனால். புளிப்புச் செர்ரியின் சிவப்பும் அதுவே. லண்டன் மாரத்தானில் ஓடிய 20 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து செர்ரிச் சாறு குடித்தவர்களுக்குத் தசைவலு விரைவாகத் திரும்பியது. அழற்சியும் குறைவாக இருந்தது.

அப்படியானால் இவற்றை மாத்திரையாகவே நிறைய விழுங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஜெர்மனியில் நான்கு வாரப் பயிற்சி பெற்ற இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் ஈ தரப்பட்டன. பயிற்சியால் இன்சுலின் செயல்திறன் கூடும் நன்மை அவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. 2009-இல் வெளியான இந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. காரணம் எளிது: ஃப்ரீ ராடிக்கல்கள் தூதும் செல்கின்றன. உயிரணுவின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு, தற்காப்பு நொதிகளைக் கூட்டு என்ற செய்தியைத் தசைக்குக் கொண்டுசேர்ப்பவை அவையே. தூதை அடக்கிவிட்டால் தசை எப்படிப் பழகும்?

செடியிலிருந்து பிரித்தெடுத்தது என்பதால் மட்டும் ஒரு மாத்திரை பாதுகாப்பானதாகிவிடாது. திராட்சைத் தோலிலும் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பாலிஃபீனாலை நாளுக்கு 250 மில்லிகிராம் வீதம் எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு, பயிற்சியால் கூட வேண்டிய ஆக்சிஜன் கொள்திறன் குறைவாகவே கூடியதாக 2013-இல் டென்மார்க் ஆய்வு கண்டது. முழுப்பழத்தில் இவை சிறு அளவில், நாரோடும் பிற சத்துகளோடும் வருகின்றன. குடலில் ஈர்க்கப்படும் பாலிஃபீனால் சொற்பமே. அது ஃப்ரீ ராடிக்கல்களை நேரடியாக அழிப்பதைவிட உடலின் சொந்த நொதிகளைத் தூண்டிவிடுவதாகவே இன்று கருதப்படுகிறது.

போட்டியை ஒட்டிய சில நாள்களுக்குச் செர்ரிச் சாறு போன்றவை உதவலாம். பயிற்சி மாதங்களில், மருத்துவர் சொன்னாலொழிய, அதிக அளவு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். நெல்லிக்காயும் நாவலும் கீரையும் தட்டில் இருக்கட்டும்.