பழைய வீட்டில் கழிவு அரைப்பானை மாற்றுதல்

அமெரிக்கச் சமையலறைகளில் சிங்கின் அடியில் பொருத்தப்பட்டு, உணவு மிச்சங்களை நீரோடு சேர்த்து அரைத்துக் கழிவுநீர்க் குழாய்க்குள் அனுப்பும் மின்பொறியே கழிவு அரைப்பான் ஆகும். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் ஹாம்ஸ் 1927இல் உருவாக்கிய இக்கருவிக்கு 1935இல் காப்புரிமை கிடைத்தது. இதனுள் கத்தி எதுவும் இல்லை. சுழலும் தட்டின் மேலுள்ள உலோகத் துண்டுகள் மிச்சங்களை வெளிப்புறமாக வீச, சுற்றியுள்ள வளையம் அவற்றைத் தேய்த்துக் கூழாக்குகிறது.

புதிய வீட்டில் இதை மாற்றுவது எளிது. பழைய வீட்டிலோ, கருவியைவிடச் சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பியும் குழாயுமே கவலைக்குரியவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பீங்கான் தாங்கிகளின் மேல் கம்பி இழுத்துக் கட்டப்பட்ட வீடுகளில் எர்த் கம்பி கிடையாது. கருவியின் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டால், அதற்குத் திரும்பும் வழியைத் தந்து பிரேக்கரை விழச் செய்வது அக்கம்பியே என்பதால், ஈரக் கையோடு மனிதர் நிற்கும் இடத்தில் அது இல்லாதிருப்பது உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டிவிட்டு இரு துளைச் சாக்கெட்டில் பொருத்தும் வழக்கம் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது. 1965 முதல் 1973 வரை பல வீடுகளில் இடப்பட்ட அலுமினியக் கம்பியைச் செப்புக் கம்பியோடு நேரடியாக முறுக்கி இணைத்தால், அந்த இணைப்பு நாளடைவில் சூடேறித் தீப்பற்றக்கூடும். சுவர் சுவிட்சை அணைப்பதும் போதாது. சில பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் கம்பியில் அல்லாமல் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதால், பிரேக்கரை அணைத்தோ பியூஸைக் கழற்றியோ, டெஸ்டரால் சோதித்த பின்னரே கம்பியைத் தொட வேண்டும்.

துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய் உட்புறம் துருவேறிக் குறுகியிருந்தால், அரைபட்ட கூழ் அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும். புதிய அரைப்பான் பழையதைவிட உயரமானதாக இருந்தால், அதன் வெளியேற்று வாய் சுவரிலுள்ள வடிகுழாயைவிடத் தாழ்ந்து நீர் தேங்கும் என்பதால், வாங்கும் முன்பே அளந்து பார்ப்பது அவசியம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாயை இதில் இணைப்பவர்கள், இணைப்பு வாயை உள்ளே மூடியிருக்கும் அடைப்பைத் தட்டி எடுத்துவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பொருத்தி முடித்ததும் சிங்கை நிரப்பி, நீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டு ஒவ்வோர் இணைப்பிலும் கசிவைப் பார்க்க வேண்டும்.

எர்த் கம்பி இல்லையென்றாலோ, ஸ்பேனர் பட்டதும் குழாய் உதிர்ந்தாலோ, வேலையை அங்கேயே நிறுத்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரையோ குழாய்ப் பணியாளரையோ அழையுங்கள்.