பல்லில் ஒட்டும் உலோகம்

மரம் அறுக்கும் டேபிள் சாவில் அலுமினியத் தகட்டை அறுக்கலாமா? அறுக்கலாம். பல் நுனியில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடுக்கு முன்னால் அலுமினியம் மிக மென்மையானது. தொல்லை தொடங்குவதும் அந்த மென்மையில்தான்.

மரத்தின் நார் அறுந்து தூளாக உதிர்ந்துவிடும். அலுமினியமோ இழுபடும். அதன்மேல் எப்போதும் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் போர்த்தியிருக்கிறது. பல் கீறியதும் படலம் கிழிந்து புது உலோகம் வெளிப்படுகிறது. அழுத்தமும் சூடும் சேர, அது பல் முனையிலேயே பற்றிக்கொள்கிறது. அலுமினியம் உருகி ஒட்டிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் உருகுநிலை 660 டிகிரி செல்சியஸ். அவ்வளவு சூடு ஏறாமலே அழுத்தத்தால் இந்த ஒட்டல் நடந்துவிடும். ஒட்டிய பல் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடு ஏறும், இன்னும் ஒட்டும். கடைசியில் பிளேடு தகட்டைக் கவ்வி, அறுப்பவர் மீதே வீசியெறியும்.

பிளேடை நிறுத்தி, மின் இணைப்பையும் துண்டித்துவிட்டுப் பற்களில் மெழுகு தேய்த்தால் ஒட்டல் வெகுவாகக் குறையும். உலோகத்துக்கென்றே விற்கும் பிளேடு இன்னும் நல்லது: 10 அங்குலத்தில் 80 பல், ஒன்றுவிட்டு ஒரு பல்லின் மூலைகள் சீவப்பட்டிருக்கும், பற்கள் சற்றே பின்சாய்ந்திருப்பதால் தகட்டை இழுக்காது. மெல்லிய தகடானால் இரண்டு பிளைவுட்களுக்கு நடுவே வைத்து அறுப்பதே சரி. அதிராது, பிசிறும் குறையும்.

நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் அந்த பிளேடின் விளிம்பு மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுடச்சுடப் பறக்கும் சீவல்களுக்கு மூக்குக் கண்ணாடி போதாது. முகத்தையே மூடும் கவசம் வேண்டும். கையுறை கூடாது, பல்லில் சிக்கினால் கையையும் இழுத்துவிடும்.

என் பெரிய கவலை தூசியைப் பற்றியது. 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரம்பத்தில் விழுபவை பெரும்பாலும் பருமனான சீவல்கள்தான். ஆனாலும் கூடவே நுண்பொடியும் வரும், சூடான சீவல் மரத்தூளையும் பற்றவைக்கும். எனவே மரத்தூள் உறிஞ்சும் இயந்திரத்தை அன்று இணைக்காதீர்கள். மேஜையின் அடிவரை மரத்தூளைக் கூட்டியெடுத்த பிறகே அலுமினியத்தைத் தொடுங்கள். அலுமினியப் பொடி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும். காய்ந்த மணலை மெதுவாகக் கொட்டி மூடுங்கள்.