குளோரினுக்குக் கிருமியின் பெயர் வேண்டாம்

1992 அக்டோபரில் சென்னையில் காலரா போன்ற ஒரு நோய் வேகமாகப் பரவியது. அரிசி களைந்த நீர்போல வயிற்றுப்போக்கு, வாந்தி, சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போதல் எனக் குறிகள் எல்லாம் காலராவுக்கு உரியவைதான். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த விப்ரியோ கிருமி, காலராவை உறுதிசெய்யும் ஓ1 எதிர்ச்சீரத்தில் திரளவில்லை. அதுவரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 வகை மட்டுமே. புதிய கிருமிக்கு ஓ139 என்று எண் இட்டார்கள்.

பழைய எல் டோர் காலராக் கிருமியே தன் மேலுறைக்கான மரபணுக்களை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. நச்சு அதே நச்சு. உறை மாறியதால், முன்பு காலரா கண்டவர்களின் உடலில் இருந்த எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் காணவில்லை. அதனால் பெரியவர்களும் ஏராளமாகப் படுத்தார்கள். அன்றிருந்த தடுப்பூசியும் உதவவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அது எட்டியது.

இந்த உறை மாற்றத்தில் ஏமாறாதவை இரண்டு. ஒன்று, உப்பு சர்க்கரைக் கரைசல். காலரா நச்சு குடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே இறைக்கிறது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வழியை அது அடைப்பதில்லை. அந்த வழியாக நீரைத் திரும்ப ஏற்றுவதுதான் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வேலை. மிகவும் வற்றிப்போனவருக்கு இரத்தநாளம் வழியே சலைன் ஏற்ற வேண்டும். மற்றொன்று குளோரின். உறை எதுவானாலும் அது கிருமியைச் சிதைத்துவிடும்.

குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். மஞ்சளாகாவிட்டால் குளோரின் வழியிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. வடசென்னையின் காசிமேடு, ராயபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளில் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். தண்ணீர் விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் குறையும். அடிபம்பு இழுக்கும்போது குழாய்க்குள் உறிஞ்சல் உண்டாகும். பக்கத்தில் ஓடும் சாக்கடைக் குழாய் கசிந்தால், விரிசல் வழியே அந்தக் கழிவும் உள்ளே வரும். லாரித் தண்ணீர் நல்லதாகவே வந்தாலும், டிரம்மில் திறந்து கிடந்தால் குளோரின் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு கிருமி சேர, கை விட்டு மொண்ட ஒரு சொம்பு போதும்.

காசிமேட்டில் ஐஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துக்கு அது உயிர்மூச்சு. ஆனால் குளிர் கிருமியை எல்லாம் கொன்றுவிடாது, பலவற்றைத் தூங்கவே வைக்கிறது. மீனுக்கு அடிக்கும் கட்டி ஜூஸ் டம்ளருக்கு வந்தால் ஆபத்துதான். மகாராஷ்டிரத்தில் 2018இல் உண்ணத்தகாத ஐஸில் நீல நிறம் கலக்க உத்தரவிட்டார்கள். எளிய, நல்ல யோசனை.

சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. காலராவைக் கண்ட மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் ஒருவர் சேர்ந்தால், முகவரி அவருடைய மாநகராட்சி வார்டுக்குப் போகிறது. ஒரே தெருவிலிருந்து இரண்டாவது ஆளும் வந்தால், அந்தத் தெருக் குழாயில் குளோரின் பார்த்து, கசிவு உள்ள இடத்தைத் தோண்டிச் சரிசெய்யும்வரை லாரித் தண்ணீர் தர வேண்டும்.